தனக்கு எழுதிய பரிந்துரைக் கடிதம்

ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், பழுதான கருவிகளைப் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. முள் வளைந்த தராசுகளும், ஒரு காலை இழந்த முக்காலிகளும், குமிழ் உடைந்த வெப்பமானிகளும் அங்கே அலமாரிகளில் அடைக்கலம் புகுந்திருந்தன. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அந்தப் பழுதுகளின் நடுவே ஏழெட்டு ஆசிரியர்கள் கூடுவார்கள். உள்ளே வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். வருகிறவர், கடந்த இரண்டு வாரத்தில் தாம் வகுப்பில் செய்த தவறு ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

இதைத் தொடங்கியவர் அத்துறையின் ஆசிரியை ஒருவர். பாடம் நடத்தும்போது கரும்பலகைக்கும் சன்னலுக்கும் இடையே ஒரே சீராக நடந்துகொண்டிருப்பார். அதனால் மாணவர்கள் அவருக்கு ஊசல் என்று பெயரிட்டிருந்தார்கள். ஒரு போக்குக்கும் ஒரு வரவுக்கும் ஆகும் நேரத்தைப் பின்வரிசையில் சிலர் அளந்து குறித்தும் வைத்திருந்தார்கள். ஏழாண்டுகளுக்கு முன் ஒரு நாள், வில்லைக்கான சமன்பாட்டில் ஒரு குறியை அவர் மாற்றி எழுதிவிட்டார். நாற்பது மாணவர்கள் அதை நம்பிக்கையோடு எழுதிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய வியப்பு, நாற்பது பேருக்கும் சோதனையில் சரியான விடை வந்திருந்ததுதான். விடை முந்தைய ஆண்டின் ஏட்டிலிருந்து முதலில் வந்தது. அளவுகள் பிறகு வந்து மரியாதையாக அதனோடு பொருந்திக்கொண்டன.

ஆசிரியை அதைச் சிரிப்பும் கவலையுமாகத் தம் சகாவிடம் சொன்னார். சகாவுக்குக் குறுந்தாடி உண்டு. அதுவே அவருக்குப் பெயருமாயிற்று. "இதெல்லாம் ஒரு தப்பா மேடம்? என்னோடதைக் கேளுங்க" என்று அவர் தம்முடையதை எடுத்துவிட்டார். அடுத்த முறை மூன்றாவது ஆள் சேர்ந்தார். அப்படி வளர்ந்ததுதான் புதன்கிழமை. அந்த அறையில் பேசிப் பேசி, முதலாண்டுச் சோதனைகள் ஒன்பதை அவர்கள் மாற்றி அமைத்தார்கள். பழைய ஏட்டைப் பார்த்து எழுதினால் விடை வராதபடி செய்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அழாமல் முதல் ஆண்டைக் கடந்தார்கள்.

இத்தனையும் நடந்தது யாருடைய அனுமதியும் இல்லாமல். அங்கேதான் சிக்கல் முளைத்தது. அனுமதி எண் இல்லாத எந்த நேரமும் வரும் பருவத்திலிருந்து கால அட்டவணையில் இடம்பெறாது என்று அலுவலகம் சுற்றறிக்கை விட்டது. புதன்கிழமை மூன்று மணியும் அந்த அறையும் வேறொரு பிரிவின் ஆய்வக வகுப்புக்கு ஒதுக்கப்பட்டன.

அதே வாரத்தில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. ஆசிரியர்களுக்கான ஓராண்டுத் தலைமைப் பயிற்சி. அறிவியல் பிரிவு முழுவதற்கும் ஒரே ஓர் இடம். தேர்வு பெறுகிறவர், கற்பித்தலை மேம்படுத்தத் தாம் விரும்பும் ஒரு திட்டத்தை நடத்தலாம். அதற்கு வாரம் இரண்டு மணி நேரமும் ஓர் அறையும் முறையான அனுமதி எண்ணோடு கிடைக்கும்.

துறைத்தலைவர் ஆசிரியையைக் கூப்பிட்டு அறிவிப்பைக் கையில் கொடுத்தார்.

"என்னம்மா, இதைப் போட்டா உங்க புதன்கிழமை பிழைக்கும்ல?"

"பிழைக்கும் சார். ஆனா தலைமை அது இதுன்னு போட்டிருக்கே. நான் என்ன தலைமை வகிச்சேன்?"

"போடுங்க, போடுங்க. துறைக்கு ரெண்டு பேர் போடலாம். குறுந்தாடியும் போடறாராம்."

குறுந்தாடி போடுவதில் தவறொன்றும் இல்லை. அவருடைய திட்டம் கணினியில் நடத்தும் ஆய்வகம். நல்ல திட்டந்தான். ஆனால் இடம் அவருக்கோ வேறொரு துறைக்கோ போனால், புதன்கிழமை அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். அது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் ஒரே மேசையில் தேநீர் குடித்தார்கள்.

விண்ணப்பத்தோடு துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். இங்கே அத்துறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துறைத்தலைவர் நல்லவர், யாருக்கும் கடிதம் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் எழுதவும் மாட்டார். "நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்து மட்டும் என்னோடது" என்பார். தந்ததை மடிப்புக்கூடப் பிரிக்காமல், கையெழுத்து விழ வேண்டிய மூலையை மட்டும் தேடிக் கண்டுபிடித்து ஒப்பமிடுவார். பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். வெளிநாட்டு ஆய்வுக்குப் போனவர்களும் பதவி உயர்வு பெற்றவர்களும் தத்தம் புகழைத் தாமே இயற்றிக்கொண்டு போனவர்கள்தாம்.

"மேடம், எனக்கு நீங்க எழுதிக் குடுங்களேன்" என்றார் குறுந்தாடி. "நானே எழுதினா ஒண்ணு பொய் வருது, இல்ல சிரிப்பு வருது."

"போட்டிக்கு நிக்கிறவர் கேக்கற கேள்வியா இது?"

"போட்டி வேற, எழுத்து வேற. துறையில எல்லாருக்கும் எழுதித் தர்றீங்க. எனக்கு மட்டும் ஓரவஞ்சனையா?"

ஆசிரியை ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார். பார்வையற்ற மாணவி ஒருத்தி ஆய்வகத்துக்கு வந்தபோது, மீட்டர் அளவுகோல் நெடுகச் சென்டிமீட்டருக்கு ஒரு நூல் முடிச்சாகக் கட்டிக்கொடுத்து, அவள் விரலாலேயே அளக்கும்படி செய்தவர் குறுந்தாடி. அதை எழுதினார். தேர்வில் தோற்றவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு, எந்த வரியில் வழி தவறினார்கள் என்று காட்டுவதை எழுதினார். ஒரு சொல்லும் மிகையில்லை. படித்துப் பார்த்த குறுந்தாடிக்குத் தம்மைத் தாமே சந்தித்துக் கைகுலுக்க வேண்டும்போல இருந்தது.

பிறகு தமக்கு எழுத உட்கார்ந்தார். பேனா நகரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆய்வக ஏடுகளைத் திருத்தியவர் அவர். அளக்காததை எழுதக் கூடாது, ஐயமிருந்தால் குறைத்து எழுது என்பது கையில் ஊறிப்போன பழக்கம். 'இவர் காலந்தவறாதவர். கருவிகளைப் பத்திரமாகத் திருப்பி வைப்பவர்' என்று இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரிக்கு அரை மணி நேரம் யோசித்து, 'மாணவர்களிடம் பொறுமை உள்ளவர்' என்று எழுதி, அதற்குச் சான்று போதாதென்று அடித்துவிட்டார்.

பரிந்துரைப் படிவத்தில் 'இவர் மேம்பட வேண்டியவை' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் அதில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார்கள். ஆசிரியைக்கோ அங்கே வந்ததும் பேனா ஓடத் தொடங்கியது. 'துறைக் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. மணி அடித்த பின்னும் சராசரியாக ஆறு நிமிடம், கூடக் குறைய ஒன்று, பாடம் நடத்துகிறார். விடைத்தாள்களைத் திருப்பித் தருவதில் ஒன்பது நாள் தாமதம்.' கட்டம் போதாமல் ஓரத்திலும் இரண்டு வரி ஏறின. அடுத்த நாள் தட்டச்சாகி வந்த கடிதத்தில் துறைத்தலைவர் வழக்கம்போல மூலையைத் தேடிக் கையெழுத்திட்டார். உறை ஒட்டப்பட்டு அலுவலகத்துக்குப் போயிற்று.

அன்று மாலை வீட்டில் அதன் படி ஒன்று அவருடைய நாத்தனார் கையில் கிடைத்தது. நாத்தனாருக்கு ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலை. நாளுக்கு இருபது விண்ணப்பம் படிக்கிறவர். சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்திவிட்டு ஒரு முறைக்கு இரு முறை படித்தார்.

"அண்ணி, இதை எழுதினவருக்கும் உங்களுக்கும் என்ன பகை?"

"நான்தான் எழுதினேன்."

"நீங்களா? அண்ணா, இங்க வந்து பாரு. உன் பொண்டாட்டி தன்னைப் பத்தித் தானே மொட்டைக் கடுதாசி எழுதியிருக்காங்க."

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு படித்தார்.

"எங்க கடைக்கு வர்றவங்க கண்ணாடியை மாட்டினதும் தங்களோட மூஞ்சி எப்படியிருக்குன்னு பார்ப்பாங்க. இவ ஒருத்திதான் சட்டத்துல கீறல் இருக்கான்னு பார்ப்பா."

"உண்மையைத்தானே எழுதினேன்?" என்றார் ஆசிரியை.

"உண்மைதான்" என்றார் கணவர். "ஒரு காட்டுல ஒரு கிளி இருந்துச்சாம். எல்லா மிருகத்துக்கும் சிங்கத்துக்கிட்ட மனு எழுதிக் குடுக்கிறது அதுதான். கழுதைக்கு எழுதினப்போ சிங்கமே கண்கலங்கிடுச்சாம். கடைசியில கிளிக்கே ஒரு பொந்து வேண்டியிருந்துச்சு. தன் மனுவுல என்ன எழுதிச்சு தெரியுமா? 'நான் பச்சையா இருப்பேன். கத்துவேன்.' அவ்வளவுதான்."

"பொந்து கிடைச்சுதா?"

"கழுதைக்குக் கிடைச்சுது."

மூவரும் சிரித்தார்கள். ஆனால் பாத்திரம் கழுவும்போது நாத்தனார் மெல்லக் கேட்டார்: "நிஜமாவே கிடைக்கலைன்னா என்ன ஆகும் அண்ணி?"

"ஒண்ணும் ஆகாது. புதன்கிழமை இருக்காது. புதுசா வர்றவங்க தப்பு பண்ணினா யார்கிட்டயும் சொல்லாம மறைச்சு வெச்சுப்பாங்க. நான் அப்படித்தான் பதினஞ்சு வருஷம் இருந்தேன்."

நேர்காணல் ஒரு திங்கட்கிழமை முற்பகல் நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் இருவர் இருந்தனர். குழுத்தலைவி மருத்துவப் பிரிவைச் சேர்ந்த அறுவை மருத்துவர். தேவைக்கு மேல் ஓர் அசைவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர் சட்டப் பேராசிரியர். அவர் முன்னால் விதிமுறைத் தாள்கள் அடுக்காக இருந்தன.

"உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் குழுத்தலைவி.

"வேண்டாங்க."

"குடிச்சுக்கோங்க. கேள்வி கொஞ்சம் சங்கடமானது."

இரண்டு கடிதங்களை அவர் அருகருகே வைத்தார். "ஒரே துறைத்தலைவர், ஒரே தேதி, ஒரே மை. ஒருத்தருக்கு அடைமழை. உங்களுக்கு நாலு சொட்டு, அதுவும் ஐஸ் தண்ணி. உங்க விண்ணப்பத்துல இந்தப் புதன்கிழமைக் கூட்டம் நல்லா இருக்கு. ஆனா அதை யார் நடத்தறாங்கன்னு எங்கயுமே இல்லை. உங்க தலைவரும் அதைப் பத்தி மூச்சு விடலை."

சட்டப் பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா? இருந்தா தாராளமா சொல்லலாம். உள்நோக்கத்தோட எழுதினதுன்னு தெரிஞ்சா, இந்தக் கடிதத்தை ஒதுக்கி வெச்சிட்டு உங்க விண்ணப்பத்தைப் பரிசீலிக்க விதியில இடம் இருக்கு."

தலையை ஒரு முறை அசைத்தால் போதும். வாயைத் திறக்கவும் தேவையில்லை. புதன்கிழமை பிழைத்துவிடும். துறைத்தலைவர் இந்த அறைக்குள் பொறாமைக்காரராக ஆகிவிடுவார். அது அவர் காதுக்குப் போகவும் போகாது. உண்மையைச் சொன்னாலோ, பரிந்துரையைத் துறைத்தலைவரே எழுத வேண்டும், மீறினால் விண்ணப்பம் தள்ளப்படும் என்ற விதி அந்தத் தாள் அடுக்கில் எங்கோ இருக்கிறது. ஆசிரியை தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாதிக் குவளை காலியாயிற்று.

"மனஸ்தாபம் ஒண்ணும் இல்லைங்க. அவர் என்கிட்ட நல்லாத்தான் இருக்கார். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்."

குழுத்தலைவி கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"நீங்களே?" என்றார் குழுத்தலைவி. "இந்தக் குறைகளையும்?"

"ஆமா."

"ஆறு நிமிஷம், கூடக் குறைய ஒன்று. இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு மாசம் குறிச்சு வெச்சேன்."

குழுத்தலைவியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "காலையிலிருந்து ஏழு பேர்கிட்ட உங்க குறை என்னன்னு கேட்டேன். ஏழு பேரும், அளவுக்கு மீறி உழைப்பேன்னு சொன்னாங்க."

சட்டப் பேராசிரியர் சிரிக்கவில்லை. "அந்த இன்னொரு கடிதம்? அதை யார் எழுதினது?"

"அவர் வெளியில உக்கார்ந்திருக்கார். அவரையே கேட்டுக்கோங்க."

வெளியே நீள இருக்கையில் குறுந்தாடி தாடியை நீவிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார். ஆசிரியை அவர் எதிரே நின்று, நடந்ததை நாலே வரியில் சொன்னார்.

"உங்க கடிதத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா உள்ள போனதும் அதைத்தான் கேப்பாங்க. தெரியாம போய் நிக்க வேண்டாம்னு சொல்றேன்."

"கெடுத்துட்டீங்களே மேடம்! நல்ல சட்டை போட்டுட்டு வந்திருக்கேன்!"

"ஒரு தலையாட்டல்ல சார் கெட்டவராயிடுவார். எனக்கு மனசு வரலை."

"உங்களுக்கு எதுக்குத்தான் மனசு வந்திருக்கு!" குறுந்தாடி எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் வெளியே வரக் கால் மணி நேரமாயிற்று. சிற்றுண்டிச்சாலையில் எதிர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"கேட்டாங்களா?"

"வாசப்படி தாண்டறதுக்குள்ள. நானும் சொல்லிட்டேன். எழுதினது மேடம்தான், எதிர்த்துப் போட்டி போடறவங்களே எழுதிக் குடுத்தாங்கன்னு. அந்த டாக்டரம்மா ரெண்டு கடிதத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. 'ஒரே கைதானா இது?'ன்னாங்க. வக்கீல் ரெண்டையும் குப்பையில போடணும்னார். அந்தம்மா விடலை. பத்து நாள் குடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் சார் தன் கைப்பட எழுதணுமாம். தட்டச்சுகூடக் கூடாதாம்."

"சார் எழுதுவாரா?"

"மேடம், சார் கையெழுத்தைப் பார்த்திருக்கோம். சார் எழுத்தை யார் பார்த்திருக்கா?"

துறைத்தலைவரை அலுவலகம் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னது. மறுநாள் காலை இருவரும் அவர் அறைக்குப் போனபோது, மேசையில் இரண்டு வெள்ளைத் தாள்கள் இருந்தன. வெள்ளையாகவே இருந்தன. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"பன்னிரண்டு வருஷத்துல என்னை எழுதச் சொன்ன முதல் ஆள் அந்த டாக்டரம்மாதான்" என்றார். "ராத்திரி எழுதலாம்னு உக்கார்ந்தேன்மா. உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு யோசிச்சேன். காலந்தவறாதவர்னு எழுதினேன். அது ஏற்கெனவே நீங்க எழுதினது."

"மன்னிச்சுக்கோங்க சார்."

"நீங்க ஏன் மன்னிப்பு கேக்கறீங்க? உக்காருங்க. புதன்கிழமை எத்தனை மணிக்கு?"

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்குத் துறைத்தலைவர் பழுதறையின் வாசலில் வந்து நின்றார். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த இளம் விரிவுரையாளர், எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடும் பெண், சட்டென்று எழுந்து நின்றார். ஆசிரியை ஒரு நாற்காலியை வட்டத்துக்குள் நகர்த்திப் போட்டார். முன்வரிசை என்று அங்கே ஒன்று இல்லாததால், அது எல்லா நாற்காலியையும் போன்ற இடமாகவே இருந்தது.

"தப்பு கொண்டுவரணும்னாங்க" என்றார் துறைத்தலைவர். "நான் முதலாண்டு வகுப்பு எடுத்து நாலு வருஷமாச்சு. பழசு செல்லுமா?"

"பாசி பிடிக்கலைன்னா செல்லும் சார்" என்றார் குறுந்தாடி.

துறைத்தலைவர் முதலில் சின்னதாக ஒன்றைச் சொன்னார். தேர்வுத் தாளில் ஓர் எண் மாறிப்போனதைப் பற்றி. ஆசிரியை, "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. மற்றவர்கள் இருமி மறைக்கும் மௌனத்தை அவர் அப்படியே விட்டுவைப்பார்.

"அது இல்லைம்மா" என்றார் துறைத்தலைவர் கொஞ்ச நேரம் கழித்து. "நான் சொல்ல வந்தது வேற, இருபது வருஷத்துக்கு முந்தினது. வெந்நீர் எவ்வளவு நேரத்துல ஆறுதுன்னு அளக்கிற சோதனை. செய்முறைத் தேர்வு. ஒரு பொண்ணுக்கு மட்டும் தண்ணி ஆறவே மாட்டேங்குது. கணக்கு வரலை. 'இந்த மேசையில ஏதோ இருக்கு சார்'னு சொன்னா. மேசையைக் குத்தம் சொல்லாதேன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டேன். மறுநாள் அதே நேரத்துல அந்தப் பக்கம் போனேன். மூணு மணிக்கு மேல சன்னல் வழியா வெயில் நேரா அந்தப் பாத்திரத்து மேல விழுது."

"அப்புறம்?" என்றார் புதுசு.

"மேசையை நகர்த்திட்டேன்."

"அந்தப் பொண்ணு சார்?"

"அவகிட்ட சொல்லலை. போட்ட மதிப்பெண் போட்டதுதான்." அவர் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நான் வீட்டுலகூடச் சொன்னதில்லை."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அந்த அறையில் அது வழக்கமில்லை. வேலையைத் தொடங்கினார்கள். மாணவர் கருவியைக் குறை சொல்லும்போது ஆசிரியர் முதலில் என்ன செய்யலாம்? ஒரு நிமிடம் தாமே அளந்து பார்க்கலாம் என்றார் ஒருவர். தேர்வில் அதற்கு நேரமேது என்றார் இன்னொருவர். விடைத்தாளில் 'கருவி பற்றிய ஐயம்' என்று ஒரு வரி சேர்க்கலாம், ஐயத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்றார் புதுசு. அதற்குக் குறுந்தாடி, அப்படிச் செய்தால் எல்லோருமே எல்லா மேசையையும் ஐயப்படுவார்கள் என்றார். துறைத்தலைவர் இருவருக்கும் நடுவே புகுந்து வாதிட்டார், கடிதத்தை மறந்தேபோனார். ஆசிரியை கூட்டம் முழுவதிலும் ஐந்தாறு வாக்கியம்தான் பேசியிருப்பார். நான்கு மணி அடித்து, மேலும் பத்து நிமிடம் ஆன பிறகுதான் எல்லோரும் எழுந்தார்கள்.

ஒன்பதாவது நாள் துறைத்தலைவரின் கடிதங்கள் போயின. குறுந்தாடிக்கானது சிறியது. முன்பு எழுதப்பட்டதையெல்லாம் தாம் வகுப்பில் போய் உட்கார்ந்து சரிபார்த்ததாகவும், அத்தனையும் உண்மை என்றும் சொன்னது. ஆசிரியைக்கானது கோணலும் அடித்தலுமாக ஒன்றரைப் பக்கம். அதை அவருக்குக் குழுத்தலைவி பிற்பாடு காட்டினார்.

'இவர் ஏழு ஆண்டுகளாக நடத்திவரும் கூட்டத்துக்கு நான் போனது ஒரே ஒரு முறை, சென்ற வாரம். அந்த ஒரு மணி நேரத்தில், இருபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அதற்காக அவர் செய்தது, நாற்காலி போட்டதும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்ததும்தான். இத்துறையில் ஆசிரியர்களை வளர்க்க வேண்டியவன் நான். அந்த வேலையை அவர் செய்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முந்தைய கடிதத்தில் அவர் குறிப்பிட்ட குறைகள் சரியானவையே. ஆறு நிமிடம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. நான் அளந்தபோது பத்து.'

இடம் ஆசிரியைக்குக் கிடைத்தது. குறுந்தாடி கேள்விப்பட்டதும் முதலில் ஆய்வகத்தைத் தாண்டி மாடி வரை வேகமாக ஏறிப் போனார். பிறகு இறங்கி வந்தார்.

"வாழ்த்துகள் மேடம். ஒரு நாள் மட்டும் வருத்தப்பட்டுக்கறேன். நாளையிலிருந்து சரியாயிடுவேன்."

"ரெண்டு நாள் எடுத்துக்கோங்க."

"அடுத்த வருஷம் நான் போடுவேன். அப்ப சார் எழுத மாட்டார்னு வெச்சுக்கோங்க, நீங்க..."

"நான் எழுத மாட்டேன். உங்க வகுப்புல வந்து உக்காருவேன். எழுதறது சார்."

அனுமதி எண்ணோடு புதன்கிழமைக்கு அறையும் நேரமும் எழுத்தில் வந்தன. அதே உறையில் பயிற்சியின் கால அட்டவணையும் இருந்தது. ஆசிரியை அதை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பயிற்சி வாரந்தோறும் நடக்கும். புதன்கிழமை, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை.

அவர் நிர்வாகக் கட்டடத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். முப்பது பேருடைய நேரத்தை ஒருவருக்காக மாற்ற முடியாது என்று அங்கிருந்த எழுத்தர் அன்பாகவே சொன்னார். கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றலாமென்றால், ஆய்வகத்து ஆசிரியர்கள் அனைவருக்கும் வகுப்பில்லாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். எந்த நேரத்தைக் காப்பாற்றினாரோ, அந்த நேரத்தில் ஓராண்டுக்கு அவர் அங்கே இருக்க முடியாது.

"நான் பார்த்துக்கறேன்" என்றார் குறுந்தாடி.

"நீங்களா? உங்க கணினி ஆய்வகம்?"

"அது எங்கயும் ஓடிப்போகாது. ஏழு வருஷமா ஒரு தடவை விடாம வந்தேனே, பிஸ்கட்டுக்காகன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"பாதி சரி."

பயிற்சியின் முதல் நாள், மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆசிரியை நிர்வாகக் கட்டடத்துக்குப் புறப்பட்டார். நேர்வழி மைதானத்தின் ஊடாக. அவர் பழுதறை இருக்கும் நடைவழியாகப் போனார். கதவு பாதி திறந்திருந்தது; முன்கூட்டியே வந்து தொடங்கிவிட்டிருந்தார்கள். புதுசு ஏதோ ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியிலேயே குறுந்தாடி ஒரு வேடிக்கை பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் குரல் நின்றுவிட்டது.

முடிக்க விடுங்களேன் என்று ஆசிரியைக்கு நாக்கு நுனிவரை வந்தது. கதவில் கை வைத்தார். தள்ளவில்லை.

உள்ளே சிரிப்பு தானாக ஓய்ந்தது. சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு குறுந்தாடியின் குரல், அவருக்குப் பழக்கமில்லாத மெதுவில், கேட்டது: "நடுவுல பேசிட்டேன்மா. நீ சொல்லு. அப்புறம் என்ன ஆச்சு?"

அடுத்த நிமிடம் இன்னொரு நாற்காலி தேடி அவரே வெளியே வந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இங்க என்ன மேடம் பண்றீங்க? தப்பு ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப உள்ள விட முடியாது. போங்க, போங்க. தலைமைப் பயிற்சிக்கு முதல் நாளே நேரங்கழிச்சுப் போனா, அதையும் சராசரி போட்டு எழுத வேண்டியிருக்கும்."

அவர் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் காலால் கதவைச் சாத்தினார். உள்ளே புதுசின் குரல் மறுபடி தொடங்கியது. இப்போது சொற்கள் பிடிபடவில்லை, குரல் மட்டும் வந்தது. ஆசிரியை அதன் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, புத்தகப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, மைதானத்தின் பக்கம் வேகமாக நடந்தார்.